கல்யாணமும் வீட்டு விசேஷமும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இவென்ட் மேனேஜர் இல்லை. திருச்சியில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, குடும்பத்தில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் நோட்டும் பேனாவுமாகப் போய் நிற்பவள். முதலில் நாத்தனார் கல்யாணம். அப்புறம் அக்கா மகள்கள், சித்தப்பாவின் அறுபதாம் கல்யாணம், தோழியின் வளைகாப்பு, பக்கத்து வீட்டுக் குழந்தையின் முதல் பிறந்தநாள் என்று பதினெட்டு வருடத்தில் ஏழு நோட்டு சேர்ந்துவிட்டது. போனில் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். விலை எதுவும் எழுதவில்லை. இன்று எழுதினால் அடுத்த முகூர்த்தத்துக்குள் பொய்யாகிவிடும்.

நாள் முதலில் பார்ப்பதா, மண்டபம் முதலில் பார்ப்பதா?

ஜோசியரிடம் ஒரே ஒரு நாளை வாங்கிக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினால், "அன்னைக்கு ஆறு மாசம் முன்னாடியே போயிடுச்சே" என்பார்கள். மூன்று நாள் குறித்து வாங்குங்கள். மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு மண்டபம், சமையல்காரர் இருவரிடமும் ஒரே வாரத்தில் பேசுங்கள். இருவரும் எந்த நாளில் கிடைக்கிறார்களோ அதுதான் உங்கள் முகூர்த்தம்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைப்பதில்லை. புரட்டாசியைப் பலர் தவிர்க்கிறார்கள். மீதி மாதங்களின் வளர்பிறை முகூர்த்தங்களுக்குத்தான் இத்தனை அடிதடி. அதிலும் ஞாயிறு என்றால் கேட்கவே வேண்டாம். விடுமுறை என்பது ஒரு காரணம். அன்று எமகண்டம் மதியம் 12 முதல் 1.30 வரை, ராகுகாலம் மாலை 4.30 முதல் 6 வரை, ஆக காலைப்பொழுது முழுக்கக் காலி என்பது இன்னொரு காரணம். திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை ராகுகாலம், சனிக்கிழமை 9 முதல் 10.30 வரை. அதனால் அந்த இரண்டு நாளிலும் நேரம் சுருங்கிவிடும். தேய்பிறை முகூர்த்தத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏற்றுக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. என் தங்கை கல்யாணம் தேய்பிறையில், புதன்கிழமை நடந்தது. நல்ல மண்டபம், நல்ல சமையல், அவசரமில்லாத நாதஸ்வரம் மூன்றும் ஒன்றாகக் கிடைத்தன.

மண்டபம் பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

எல்லோரும் மேடையைப் பார்ப்பார்கள். நீங்கள் நேராக சாப்பாட்டுக் கூடத்துக்குப் போங்கள். ஒரே நேரத்தில் எத்தனை இலை போடலாம் என்று மேஜைகளை எண்ணுங்கள். மானேஜர் சொல்லும் கணக்கை நம்ப வேண்டாம். 250 என்பார், எண்ணினால் 210 இருக்கும்.

அந்த எண்ணிக்கைதான் மொத்தக் கல்யாணத்தையும் தீர்மானிக்கிறது. ஒரு பந்தி உட்கார்ந்து, சாப்பிட்டு எழுந்து, இலை எடுத்து, மேஜை துடைத்து, அடுத்த இலை போட 40 நிமிடம் ஆகும். 800 பேருக்கு 200 இருக்கை என்றால் நான்கு பந்தி. ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம். மாலை வரவேற்புக்கு வரும் கூட்டமோ ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் மொத்தமாக வந்து இறங்கும். அப்போது என்ன ஆகும்? சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் அடுத்தவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ரசம் ஊற்றும்போதே "எந்திரிக்கிறீங்களா?" என்ற பார்வை. எவ்வளவு நல்ல சாப்பாடாக இருந்தாலும் அந்த இலையில் ருசி இருக்காது.

அடுத்து சமையற்கட்டு. தண்ணீர் போர்வெல்லா, லாரியா? பாத்திரம் கழுவும் இடத்தில் தண்ணீர் தேங்குகிறதா? அப்புறம் கழிவறை, பெண்கள் பக்கம் எத்தனை, அதில் எத்தனை குழாய் வேலை செய்கிறது என்று திறந்தே பார்த்துவிடுங்கள். வெட்கப்பட வேண்டாம். மணமகள் அறை ஏசி ஓடுகிறதா, கண்ணாடி இருக்கிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா? லிஃப்ட் இல்லாத மாடி மண்டபமாக இருந்தால் பாட்டிகளை எப்படி ஏற்றுவீர்கள்?

வாடகைக்கு வெளியே என்னென்ன வரும் என்பதை எழுதி வாங்குங்கள். மின்சாரம் யூனிட் கணக்கா? ஜெனரேட்டர் டீசல் யார் பொறுப்பு? துப்புரவுக் கூலி, சிலிண்டர், கூடுதல் நாற்காலி, இவற்றோடு 18 சதவீத ஜிஎஸ்டி. "எல்லாம் சேர்த்துத்தான் சார்" என்று வாயால் சொன்னது கணக்கு முடிக்கும் நேரத்தில் எப்படி மாறும் என்பதை நான் ஒரு முறை பார்த்துவிட்டேன். சாவி எத்தனை மணிக்குக் கொடுப்பார்கள், எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும்.

எத்தனை பேர் வருவார்கள் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

நம் ஊரில் யாரும் "வருகிறேன்", "வரவில்லை" என்று முன்கூட்டிச் சொல்வதில்லை. கேட்டால் "கண்டிப்பா வந்துருவோம்" என்பார்கள். அது ஒரு மரியாதைச் சொல், கணக்கில் சேராது. பத்திரிகை எண்ணிக்கையை நான்கால் பெருக்குவதும் தப்பு.

நான் பட்டியலை மூன்றாகப் பிரிப்பேன். முதல் பட்டியலில் வீட்டோடு வருகிறவர்கள்: அண்ணன் தம்பி, மாமன் மச்சான் வகை. இங்கே தலையை எண்ண வேண்டும், கைக்குழந்தையை விட்டுவிட்டு. இரண்டாவது, ஒருவரோ இருவரோ வருகிறவர்கள்: அலுவலகம், தெரு, பழைய சிநேகிதம். பத்திரிகைக்கு ஒன்றரை ஆள் என்று போடுவேன். மூன்றாவது, கொடுக்காவிட்டால் தப்பாகிவிடும் என்று கொடுத்தவர்கள். இதில் பாதிப்பேர் வந்தால் அதிகம். கூட்டி வருவதோடு இன்னொரு 40 சேர்க்க வேண்டும். நாதஸ்வரக் குழு, போட்டோகிராபர்கள், வேன் டிரைவர்கள், மேடை அலங்காரப் பையன்கள் எல்லோரும் சாப்பிட வேண்டுமே. அவர்களை யாரும் எண்ணுவதில்லை.

வேளைக்கு வேளை எண்ணிக்கை மாறும். திருச்சி போன்ற ஊரில் முந்தைய நாள் மாலை வரவேற்புக்குத்தான் பெருங்கூட்டம், காலை டிபனுக்குப் பாதிகூட இருக்காது. கிராமத்தில் கல்யாணம் என்றால் நேர்மாறு. முகூர்த்தச் சாப்பாட்டுக்கு ஊரே வரும். மூன்று வேளைக்கும் ஒரே எண் சொன்னீர்களானால் ஒரு வேளை மிஞ்சும், ஒரு வேளை போதாது.

இலைக் கணக்குக்கு (போட்ட இலைக்கு இவ்வளவு என்று) விடுவதா, மளிகை நாமே வாங்கிச் சமையல்காரருக்குக் கூலி கொடுப்பதா?

முந்நூறு பேருக்கு உள்ளே, வீட்டில் மளிகை தெரிந்த பெரியம்மா யாராவது இருந்தால் கூலிக்கு விடுங்கள். அதற்கு மேல் போனால் இலைக் கணக்கே நல்லது. மளிகை நாமே வாங்கினால் மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் அதிகாலை மூன்றரைக்கு "பெருங்காயம் தீர்ந்துடுச்சு" என்று எழுப்புவார்கள். அந்த நேரத்தில் கடை திறப்பவரைத் தெரிந்திருக்க வேண்டும்.

இலைக் கணக்கில் தகராறு கடைசியில்தான் வரும். அவர் 740 இலை என்பார், உங்களுக்கு 600 பேர்கூட வந்ததாகத் தெரியாது. இலைக்கட்டுகளைப் பிரிக்கும் முன் உங்கள் ஆள் ஒருவர் கூட இருந்து எண்ணட்டும். எல்லாப் பந்தியும் முடிந்ததும் மிச்ச இலையை எண்ணிக் கழித்தால் கணக்கு முடிந்தது. கிழிந்த இலைக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். குறைந்தபட்ச எண்ணிக்கை ஒன்று பேசுவார்கள். அதைப் பட்டியலில் வந்த எண்ணிக்கையைவிடக் கொஞ்சம் குறைத்தே பேசுங்கள். கூடினால் சமாளிப்பது அவர் வேலை, நல்ல சமையல்காரர் எப்போதும் பத்து சதவீதம் கூட வைத்திருப்பார்.

சாப்பாட்டை ருசி பார்க்க அவர் வீட்டில் கொடுக்கும் மாதிரியை நம்பாதீர்கள். அவர் சமைக்கும் வேறொரு கல்யாணத்தின் நான்காவது பந்தியில் போய்ச் சாப்பிடுங்கள். முதல் பந்தியில் எல்லாச் சமையலும் நன்றாகத்தான் இருக்கும்.

இலையில் எத்தனை வகை வைக்கலாம்?

இப்போது போட்டி நடக்கிறது, 25, 32 என்று. நுனி இலையின் நுனி சாப்பிடுகிறவருக்கு இடப்பக்கம் வர வேண்டும், வலப்பக்கம் அகலமான பகுதியில் சாதம். இதுதான் முறை. அந்த இடப்பக்க நுனியில் குட்டிக் குட்டியாக பன்னீர் ஒன்று, பேபிகார்ன் ஒன்று, கட்லெட் ஒன்று என்று அடைத்து வைப்பதால் அவியலுக்கு இடமில்லாமல் போகிறது.

ஒரு இனிப்பு, ஒரு பாயசம், பச்சடி, பொரியல், கூட்டு, அவியல், வறுவல், வடை, அப்பளம், ஊறுகாய். சாதத்துக்குப் பருப்பு நெய், சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர். இது போதும். மிச்சமாகும் பணத்தில் பரிமாற ஆள் கூடப் போடுங்கள். சாம்பார் வருவதற்குள் சாதம் ஆறிப்போனால் முப்பத்திரண்டு வகையும் வீண். ஒரு வரிசைக்கு ஒருவர் மறுசோற்றுக்கு மட்டும் நிற்கட்டும். கேட்காமலே "இன்னும் கொஞ்சம்?" என்று வருகிற அந்த ஒரு ஆளைத்தான் ஊரில் போய்ச் சொல்வார்கள்.

யாருக்கு என்ன வேலை கொடுப்பது? எல்லோரும் உதவுகிறேன் என்கிறார்கள், கடைசியில் நானே ஓடுகிறேன்.

என் ஏழு நோட்டிலும் முதல் பக்கத்தில் இருப்பது இதற்கான பதில்தான்: ஒரு வேலைக்கு ஒரு பேர். "பசங்க பாத்துப்பாங்க" என்று எழுதக் கூடாது. பசங்களில் எந்தப் பையன்?

ஒரு கதை சொல்கிறேன். அக்காவின் மூத்த மகள் கல்யாணம். முகூர்த்தம் 7.30 முதல் 9. எட்டே கால் மணிக்கு ஐயர் கூரைப்புடவையை எடுத்து வரச் சொன்னார். புடவை மணமகள் அறையில், பீரோவில். அறை பத்திரமாகப் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. சாவி? பெரியவர் ஒருவர் "சாவியை நானே வச்சுக்கறேன், தொலைச்சிருவீங்க" என்று ராத்திரியே வாங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டிருந்தார். அவர் அந்த நேரம் மதுரையிலிருந்து வந்த சம்பந்தி வகையை அழைத்து வர ஜங்ஷனில் நின்றார். அவர் போன் சார்ஜரில், அதே பூட்டிய அறையில் அடித்துக்கொண்டிருந்தது. கதவுக்கு வெளியே நின்று அந்த ரிங்டோனைக் கேட்டுக்கொண்டிருந்த எங்களை நினைத்துப் பாருங்கள். மண்டபத்து வாட்ச்மேன் சுத்தியல் கொண்டுவந்தார். பூட்டை உடைத்தபோது 8.35. தாலி கட்டும்போது 8.52.

அந்தப் பெரியவர் மேல் தப்பில்லை. சம்பந்தி வரவேற்பும் சாவியும் ஒரே ஆளிடம் இருந்ததுதான் தப்பு. அன்றிலிருந்து சாவி வைத்திருப்பவர் மண்டப வாசலைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் குடும்பச் சட்டம். அவருக்கு வேறு வேலையும் கிடையாது. பெரும்பாலும் முழங்கால் வலிக்கும் அத்தை ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைப்போம். அவருக்கும் சந்தோஷம், எல்லோரும் அவரிடம்தானே வர வேண்டும்.

இதே மாதிரி: தாலிப் பை ஒருவர், பணப் பை ஒருவர் (இரண்டும் ஒரே ஆள் வேண்டாம்), சாப்பாட்டுக் கூடம் ஒருவர், ஜெனரேட்டர் ஒருவர், வேன்கள் ஒருவர், சம்பந்தி வீட்டாரின் காபிக்கென்றே ஒருவர். காபி சிரிப்பான வேலையாகத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் எழுந்ததும் காபி வரவில்லை என்ற ஒரே காரணத்தில் மூன்று வருடம் பேசாமல் இருந்த சம்பந்திகளை எனக்குத் தெரியும். பெயர்களை எழுதி, போன் நம்பரோடு, மண்டபத்தில் நான்கு இடத்தில் ஒட்டிவிடுங்கள். பெண்ணின் அப்பா அம்மா பெயர் அதில் எங்கேயும் இருக்கக் கூடாது. அவர்கள் வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்று சொல்ல வேண்டும்.

பட்ஜெட் எங்கே கையை மீறுகிறது?

மண்டபமும் சாப்பாடும் சேர்ந்தே பாதிக்கு மேல் போய்விடும். அது தெரிந்தது, பயப்பட ஒன்றுமில்லை. தெரியாமல் போவது வேறு. வெளியூர் உறவினர் தங்கும் அறை, அவர்களை ஏற்றி இறக்கும் வேன், ரவிக்கைத் தையல், பத்திரிகை வைக்கப் போகும் பெட்ரோல், ஒவ்வொரு வீட்டுக்கும் வாங்கிப் போகும் பழம், வேலை செய்தவர்களுக்குக் கடைசியில் கொடுக்கும் கைப்பணம். போட்ட பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கைத் தனிக் கவரில் போட்டு, "இல்லை" என்று நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்தன்று மதியம் அந்தக் கவர் காலியாகத்தான் இருக்கும்.

பூ எப்போது சொல்ல வேண்டும்?

மாலைகளுக்கு ஒரு மாதம் முன் சொல்லுங்கள். உதிரிப்பூவுக்கும் தலைப்பூவுக்கும் ஒரு வாரம் போதும். நான் ஸ்ரீரங்கம் சாத்தார வீதி மார்க்கெட்டில் வாங்குகிறேன். தை மாதக் கல்யாணம் என்றால் மல்லிகையை நம்பாதீர்கள். பனியில் வரத்து குறைந்து, விலை பொங்கலை ஒட்டி எங்கேயோ போய்விடும். அப்போது முல்லையோ ஜாதிமல்லியோ கலந்து கட்டச் சொல்லலாம்.

மொய் எழுதுவது பழைய பழக்கம், விட்டுவிடலாமா?

விடலாம், பத்திரிகையிலேயே "அன்பளிப்புகளைத் தவிர்க்கவும்" என்று போட்டுவிட்டு. ஆனால் யோசித்துச் செய்யுங்கள். மொய் நோட்டு ஒரு கடன் புத்தகம். உங்கள் அப்பா முப்பது வருடமாக ஊரெல்லாம் போய் எழுதியது இப்போது திரும்பி வருகிறது. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கல்யாணம்கூட வேண்டாம், மொய்க்கென்றே ஆடி மாதத்தில் விருந்து வைப்பார்கள்; அந்தப் பணத்தில் கடை வைத்தவர்களும் பிள்ளையைப் படிக்க வைத்தவர்களும் உண்டு.

எழுதுவதென்றால் கையெழுத்து தெளிவாக உள்ள இருவரை உட்கார வையுங்கள். ஒருவர் எழுத, ஒருவர் எண்ண. பெயரோடு ஊரையும் அப்பா பெயரையும் எழுத வேண்டும். "செல்வம் 501" என்று மட்டும் எழுதினால் எந்தச் செல்வத்துக்குத் திருப்பிச் செய்வீர்கள்? கணினியில் அடித்து ரசீது கொடுக்கும் ஆட்களும் இப்போது கிடைக்கிறார்கள். பெரியவர்களுக்கு அந்த ரசீது ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஐயர் இல்லாமல் கல்யாணம் செய்தால் சட்டப்படி செல்லுமா?

செல்லும். அண்ணா முதல்வராக இருந்தபோது 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த திருத்தம், சுயமரியாதைத் திருமணத்தைத் தமிழ்நாட்டில் சட்டப்படி செல்லுபடியாக்கியது. உறவினர், நண்பர் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் துணையாக ஏற்கிறோம் என்று தங்களுக்குப் புரியும் மொழியில் சொல்லலாம். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம். அல்லது தாலி கட்டலாம். வேறு வேறு மதத்தவர் என்றால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். அதற்கு 30 நாள் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், மூன்று சாட்சி வேண்டும். மண்டபம் பிடித்துவிட்டு நோட்டீஸை மறந்தவர்கள் இருக்கிறார்கள்.

எந்த முறையில் நடந்தாலும் பதிவு கட்டாயம். தமிழ்நாட்டில் 2009இல் அதற்கென்றே சட்டம் வந்தது. 90 நாளுக்குள் பதிய வேண்டும். தாண்டினால் இன்னும் 60 நாளுக்குள் தாமதக் கட்டணத்தோடு பதியலாம். பத்திரிகையில் நான்கும், கல்யாணப் போட்டோவில் இருவரும் மாலையோடு தெளிவாகத் தெரிவதில் நான்கும் அன்றே எடுத்து ஒரு பைலில் போட்டுவிடுங்கள். பாஸ்போர்ட்டுக்கு அலையும்போது என்னை நினைப்பீர்கள்.

கல்யாணத்துக்கு 'தீம்' வேண்டும் என்று பெண் கேட்கிறாள். எப்படிச் செய்வது?

கேட்கட்டும். அவள் கல்யாணம்தானே. ஆனால் தீம் என்றால் நிறம் என்று நினைத்துவிடுகிறார்கள். மேடை முழுக்க வெளிர் ரோஜா நிறத்தில் பிளாஸ்டிக் பூ, அதற்கு முன் அரக்கு நிறக் கூரைப்புடவையில் பெண், பட்டு வேட்டியில் மாப்பிள்ளை. போட்டோவில் பார்த்தால் பெண் தனியாக வெட்டி ஒட்டியதுபோல் இருப்பாள். கூரைப்புடவை எந்த நிறம் என்று முடிவான பிறகுதான் மேடைக்கு நிறம் பேச வேண்டும். முதலில் புடவைத் துண்டு ஒன்றை மேடை அலங்காரக்காரரிடம் கொண்டுபோய் அவருடைய விளக்கிலேயே காட்டுங்கள்.

முகூர்த்த மேடையை எளிமையாக விட்டு, வாழை, மாவிலைத் தோரணம், தென்னங்குருத்து என்று நிறுத்திக்கொண்டு, தீம் அலங்காரத்தை எல்லாம் வரவேற்புக்கு வைத்துக்கொள்வது என் வழக்கம். இரண்டு பேருக்கும் திருப்தி. ஓமப் புகைக்கு நடுவில் நுரைக் குமிழி மெஷின் வேண்டாம்.

அறுபதாம் கல்யாணத்துக்கும் தீம் வைக்கலாமா?

என்னைக் கேட்டால் தீம் பொருந்துவதே அதற்குத்தான். கல்யாணப் பெண்ணுக்கு இருபத்தைந்து வருடக் கதைதான் இருக்கிறது. அறுபது வயதுக்காரரிடம் ஒரு மூட்டை இருக்கிறது. அறுபதின் கணக்கே அழகானது. தமிழ் வருடங்கள் அறுபது சுற்றி, பிறந்த வருடமே திரும்பி வருகிறது. 1965 சித்திரையில் தொடங்கிய விசுவாவசுவில் பிறந்தவர்களுக்கு 2025 சித்திரையில் அதே விசுவாவசு வந்தது. பலர் சடங்கைத் திருக்கடையூரில் முடித்துக்கொள்கிறார்கள். அப்படியானால் ஊருக்கு வந்து ஒரு மாலை மட்டும் விருந்து வையுங்கள், அதில் தீம் வைக்கலாம்.

சித்தப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் ஓய்வு பெற்றவர். ஊட்டி மலை ரயிலின் நீராவி எஞ்சின்கள் பழுது பார்க்க வரும் பட்டறை அது. அவருக்கு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சித்தப்பாவிடமிருந்து எடுங்கள்.

அழைப்பிதழை அந்தக்கால அட்டை டிக்கெட் அளவில் அச்சடித்தோம்: கெட்டி அட்டை, மேலே ஒரு எண், "பொன்மலை முதல் அறுபது வரை". உள்ளே வரும்போது சின்னப் பையன் ஒருவன் பஞ்சிங் மெஷினால் ஓட்டை போட்டுக் கொடுத்தான். மேஜைகளுக்கு எண் வைக்காமல் ஸ்டேஷன் பெயர் வைத்தோம்: பொன்மலை, ஸ்ரீரங்கம், லால்குடி, அரியலூர், விருத்தாசலம், விழுப்புரம். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. "நீ எங்க உக்காந்திருக்க?" "அரியலூர்ல." இதிலேயே பாதிச் சிரிப்பு. வந்ததும் கொறிக்க மணப்பாறை முறுக்கு, டம்ளரில் காபி. அதைப் பிளாட்பார வியாபாரிபோல் தட்டில் தூக்கிக்கொண்டு, "காப்பி, காப்பி" என்று கத்திக்கொண்டே என் தம்பி வந்தான்.

எல்லாம் செய்தும் சித்தப்பா லேசாகச் சிரித்துக்கொண்டு மட்டும் இருந்தார். பட்டறை நாட்களில் அவர் எடுத்துப்போன நான்கு அடுக்கு டிபன் கேரியரைச் சித்தி பரணிலிருந்து தேடி எடுத்துத் தேய்த்து வைத்திருந்தாள். அதில் அவர் தினமும் கொண்டுபோன அதே எலுமிச்சை சாதம், உருளை வறுவல். அதை முன்னால் வைத்துக் கிளிப்பைத் திறந்ததும்தான் மனிதர் உடைந்தார். அலங்காரத்துக்கு ஆன செலவில் நூற்றில் ஒரு பங்குகூட அந்தக் கேரியருக்கு ஆகவில்லை. தீம் தேடும்போது கடைக்குப் போகும் முன் பரணில் ஏறுங்கள்.

குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு என்ன தீம்?

குழந்தைக்கு ஒன்றும் தெரியாது. தூக்கம் கெட்டால் அழும். அது தூங்கி எழும் நேரத்துக்கு நிகழ்ச்சியை வையுங்கள். பலூன் வெடிக்கும் விளையாட்டு வேண்டாம். ஒன்றரை மணி நேரம், இட்லி, ஒரு இனிப்பு, முடிந்தது.

வளைகாப்பை வித்தியாசமாகச் செய்ய முடியுமா?

அது ஏற்கெனவே அழகான தீம்தான்: கண்ணாடி வளையல், சந்தனம், கலவை சாதம். புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்து வகையை மண் சட்டிகளில் வைத்தாலே போட்டோவுக்குப் போதும். ஏழு அல்லது ஒன்பதாம் மாதத்தில் இருக்கும் பெண்ணை இரண்டு மணி நேரத்துக்கு மேல் மணையில் உட்கார வைக்காதீர்கள். சாய்வுள்ள நாற்காலி போடுங்கள். வளையல் அளவை வளைகாப்புக்கு முந்தின வாரம் எடுங்கள். கை வீங்கியிருக்கும், பழைய அளவு ஏறாது.

டிஜே வைக்கலாமா? பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

நாதஸ்வரம் முடிந்து குறைந்தது அரை மணி இடைவெளி விட்டு வையுங்கள். இரண்டையும் ஒரே மேடையில் மாற்றி மாற்றி வைப்பது நாதஸ்வரக்காரருக்கு அவமரியாதை. ஆச்சா மரத்தில் கடைந்த அந்த வாத்தியத்துக்கு மைக்கே தேவையில்லை; பக்கத்தில் வைத்த ஸ்பீக்கரைத் திருப்பி வைத்தாலே பெரியவர்கள் பாதி சமாதானமாகிவிடுவார்கள். திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை என்பதை டிஜே பையனிடம் முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

யாராவது கோபித்துக்கொண்டு போய்விட்டால்?

யாராவது ஒருவர் போவார். நம் வேலை அது தாய்மாமனாக இல்லாமல் பார்த்துக்கொள்வது. பத்திரிகையில் பெயர் வரிசையை அச்சுக்குக் கொடுக்கும் முன் இரண்டு வீட்டுப் பெரியவர்களிடமும் வாசித்துக் காட்டிவிடுங்கள். இது கோபத்தில் பாதியைக் குறைக்கும். மீதிக்கு, அந்தக் கோபக்காரரைவிட வயதில் மூத்த, அவர் பேச்சு மீற முடியாத ஒருவரைத் தயாராக வைத்திருங்கள். நீங்களே சமாதானத்துக்குப் போகாதீர்கள்; உங்களுக்கு அன்று நேரமில்லை. போகிறவர் கையில் ஒரு காபியோடு போகட்டும்.

எல்லாம் முடிந்த பிறகு என்ன வேலை?

மிஞ்சிய சாப்பாட்டை மதியம் இரண்டு மணிக்குள் கொடுத்துவிடுங்கள். பக்கத்து ஆதரவற்றோர் இல்லத்துக்கு முந்தைய நாளே போன் செய்து, அவர்கள் சமைக்காமல் காத்திருக்கலாமா என்று கேட்டு வைப்பது நல்லது. ராத்திரிச் சாம்பாரை மறுநாள் யாருக்கும் கொடுக்காதீர்கள். மண்டபத்துப் பாத்திரங்களை வாங்கும்போது எண்ணிய அதே தாளை வைத்து எண்ணித் திருப்பிக் கொடுங்கள். கரண்டி எப்போதும் குறையும், சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில் இலைத் தொட்டியில் தேடினால் குறைந்தது இரண்டு கிடைக்கும்.

பீரோ, கட்டிலுக்கு அடி, பாத்ரூம் கதவின் பின்னால் உள்ள ஆணி, இந்த மூன்று இடத்தையும் பார்க்காமல் அறையைப் பூட்டாதீர்கள். போன வைகாசியில் அந்த ஆணியில் மாப்பிள்ளையின் கைக்கடிகாரம் தொங்கியது.

அப்புறம் சாவியை அத்தையிடம் வாங்கி, மானேஜரிடம் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.